திருகோணமலை மாரியும் எங்கள் வீட்டு டிஷ்ஷும்

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு. மொட்டைமாடியில் டிஷ் பூட்டிச் சில வருடங்களாகின்றன. மழை வந்தால் படம் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த மழைக்குப் போகும் என்பதை இங்கே ஒரு மாரி முழுக்க இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

மார்கழியில் நாள் முழுக்கத் தூறினாலும் நாடகம் ஒன்றும் தவறாது. ஐப்பசிப் பின்னேரத்தில் இடியோடு கொட்டினால் சில நிமிடங்களிலேயே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எங்கள் டிஷ் பிடிக்கும் ரேடியோ அலைகளுக்குக் கேயூ (Ku) பட்டை என்று பெயர், அந்த அலையின் நீளம் சுமார் 2.5 சென்ரிமீற்றர். இடிமழையின் பருத்த துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். பழைய பெரிய டிஷ்கள் பிடித்த சி (C) பட்டைக்கு அலைநீளம் 7.5 சென்ரிமீற்றர் அளவில் இருப்பதால் மழை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அதற்கு வேண்டிய பெரிய சட்டியை யார் மாடிக்கு ஏற்றுவது?

செய்மதி ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. சிக்னலை மழை பிடிப்பதோ கடைசி 5 கிலோமீற்றருக்குள்தான். எங்கள் டிஷ் கிழக்குத் தீர்க்கரேகை 95 பாகையில் உள்ள செய்மதியைப் பார்ப்பது, அதாவது கடல் பக்கம், அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 70 பாகை மேலே. அதனால் மழை கடலில் நிற்கும்போதே, முற்றத்தில் ஒரு துளி விழ முன்னரே, சிலவேளை படம் உறைந்துவிடும். அம்மா உடனே கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடுவார். வானிலை அறிக்கையை விட இது நம்பிக்கையானது!

முதலில் போவது பெரும்பாலும் எச்டி சனல்கள். அவற்றுக்குத் தெளிவான சிக்னல் வேண்டும். சாதாரண சனல்கள் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை 90 ஆக மாற்றினோம். பரப்பு 2.25 மடங்கு, அதாவது சிக்னல் வலிமையை அளக்கும் டெசிபெல் கணக்கில் சுமார் 3.5 கூடுதல். நடுத்தர மழைக்கு இப்போது பிரச்சினை இல்லை. அடைமழை 10 டெசிபெலுக்கு மேலேயே விழுங்கிவிடும், அதற்கு வழியில்லை.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். வெயில் நாளில் படம் தடுமாறியபோதும் வாடிக்கையாளர் சேவையில் "மழையாக இருக்கும்" என்றார்கள். பார்த்தால் உப்புக்காற்றில் கேபிள் கனெக்டர் துருப்பிடித்திருந்தது. மார்ச்சிலும் செப்டெம்பர் கடைசியிலும் பகலில் சில நிமிடம் படம் போனால் மட்டும் ஒன்றும் செய்யவேண்டாம். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிறது, சில நாளில் சரியாகிவிடும்.

புதிதாகப் பூட்டுபவர்கள் 90 சென்ரிமீற்றரே கேளுங்கள். வெயில் நாளில் மெனுவில் காட்டும் சிக்னல் தர அளவைக் குறித்து வைத்து, மாரிக்கு முன் ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் கனெக்டரை மாற்றிவிடுங்கள்.