டிரேட்மார்க் புதுப்பித்துத் தருகிறோம் என்று போன் வந்தால் உஷார்! எங்களுக்கு ரூ.12,800 போச்சு

பொடி, ஊறுகாய், அப்பளம் என்று சின்னதாகத் தொழில் தொடங்கி, ஒரு பெயரை வளர்த்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். 12,800 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் எங்களை ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, எங்கள் பெயரே கைவிட்டுப் போக இருந்தது. நீங்கள் எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் விருதுநகர் பக்கம் மசாலாப் பொடி போடுகிறோம். 2015 ஜூனில் 30ஆம் வகுப்பில் (மசாலா மாதிரிப் பொருள்களுக்கான பிரிவு) டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தோம். சான்றிதழ் கைக்கு வந்தது 2018இல். பதிவு பத்து வருஷம் செல்லும். அந்தப் பத்து வருஷத்தைச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து எண்ணமாட்டார்கள், விண்ணப்பித்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ஆக, எங்களுக்கு 2025 ஜூனில் முடிகிறது.

ஏப்ரலில் ஒரு போன் வந்தது. ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு, டிரேட்மார்க் எல்லாம் ஆன்லைனிலேயே முடித்துத் தருவதாக விளம்பரம் போடுகிற தளங்களில் ஒன்று. பேசிய பெண் எங்கள் விண்ணப்ப எண், என் வீட்டுக்காரர் பெயர், நாங்கள் காலி செய்துவிட்ட பழைய முகவரி வரைக்கும் மடமடவென்று சொன்னாள். முதலில் "மேடம்" என்றவள், ஊரைக் கேட்டதும் "நான் சிவகாசிதான்க்கா" என்றாள். "ஜூனோட முடியுதுக்கா, விட்டுட்டீங்கன்னா அப்புறம் கஷ்டம். பணம் கட்டினா ரெண்டே நாள்ல போட்டுரலாம்." பில்லும் சரியாகத்தான் இருந்தது. அரசுக் கட்டணம் 9,000, அவர்கள் சேவைக்கும் ஜிஎஸ்டிக்கும் 3,800. ஒரு வகுப்புக்கு ஆன்லைனில் 9,000தான் கட்டணம் என்று எனக்கு முன்பே தெரியும். கணக்கு ஒத்துப்போனது, நம்பினேன். அன்று மாலையே 12,800 ரூபாயை அனுப்பினேன். அவள் சொன்ன அத்தனை விவரமும் ரெஜிஸ்ட்ரி, அதாவது டிரேட்மார்க் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது பின்னால் ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அரசாங்கத்துக்குள் ஆள் இருப்பதுபோல் பேசினாளே, அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு நாளில் 'ஒப்புகை' என்று ஒரு பிடிஎஃப் வந்தது. ஜூன் போயிற்று. புதுப்பித்த சான்று எங்கே என்று கேட்டால் "சர்வர் ஸ்லோ மேடம்". அடுத்த முறை "ஃபைல் பண்ணியாச்சு, ஆபீஸ்ல பெண்டிங்". பிறகு அந்தப் பெண்ணே போனை எடுப்பதில்லை. வேறொரு ஆள் வந்தான். அவன் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்: "சர்ட்டிஃபிகேட் 2018லதானே வந்திருக்கு, 2028 வரைக்கும் டைம் இருக்கு மேடம், ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" ஜூனோடு முடிகிறது என்று பயமுறுத்திப் பணம் வாங்கியதே இவர்கள்தானே!

தெரிந்த ஆடிட்டர் மூலமாக மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, புதுப்பிப்புக்கான டிஎம்-ஆர் படிவமே தாக்கலாகவில்லை என்றார். எனக்கு வந்த 'ஒப்புகை' அவர்களே அடித்த காகிதம். ரெஜிஸ்ட்ரி அனுப்பும் நினைவூட்டு நோட்டீஸும் எங்களுக்கு வரவில்லை. அது ஏட்டில் கடிதம் அனுப்புவதற்கென்று கொடுத்திருக்கிற முகவரிக்குத்தான் போகும். அங்கே இருப்பது 2015இல் பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட்டின் முகவரி. அவர் தொழிலை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

முடிந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்பதால் தப்பித்தோம். 9,000 கட்டணம், அதோடு தாமதத்துக்கு 4,500. ஆறு மாதம் தாண்டியிருந்தால் மீட்பு விண்ணப்பம், கட்டணத்துக்கு மேல் இன்னொரு 9,000. ஒரு வருஷமும் தாண்டியிருந்தால் அதற்கும் வழியில்லை, முதலிலிருந்து புது விண்ணப்பம்தான். கவரில் வட்டத்துக்குள் ஆர் போட்டு அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறோம். பதிவு இல்லாமல் அந்தக் குறியைப் போடுவது சட்டப்படி குற்றம். இதெல்லாம் அந்தத் தளத்துக்காரர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ரீஃபண்ட் பாலிசி இல்லை, வேணும்னா அந்த 12,800க்கு வேற சர்வீஸ் எடுத்துக்கோங்க" என்கிறார்கள். 12,800 ரூபாய் எங்களுக்கு எத்தனை கிலோ மிளகாய் வற்றல் என்று அவர்களுக்கு என்ன தெரியும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான். உங்கள் விண்ணப்பத் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள், முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். தானாக வரும் போனை நம்பாதீர்கள். பணம் கட்டியதும் டிஎம்-ஆர் தாக்கலானதற்கு ரெஜிஸ்ட்ரியே தரும் ரசீதைக் கேளுங்கள், ரெஜிஸ்ட்ரி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். ஏட்டில் பழைய ஏஜென்ட் முகவரி இருந்தால் உடனே மாற்றுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில், அந்தப் போலி ஒப்புகை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதேபோல் யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். அந்த 12,800ஐ நான் விடப்போவதில்லை.