என்ஐசியூவில் குழந்தை இருந்தால் பிளாஸ்டரைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

எங்கள் பையன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1,250 கிராம், அதனால் என்ஐசியூவில், அதாவது பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். ஊரில் பெயர் பெற்ற தனியார் மருத்துவமனை, பெயர் இப்போது வேண்டாம். முதலில் தொப்புள் வழியாக லைன், அதாவது மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போட்டார்கள், ஒரு வாரத்தில் அதை எடுத்துவிட்டு வலது காலில் ஊசி குத்தி குளுக்கோஸும் கால்சியமும் ஏற்றினார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை.

பார்க்க விடுவது காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். ஒன்பதாம் நாள் மாலை போனால், என் கட்டைவிரல் நீளமே இருக்கும் அந்தப் பாதம் முழுக்க அட்டை வைத்து வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தது. விரல் நுனிகூடத் தெரியவில்லை, கணுக்காலுக்கு மேலே தோல் பளபளவென்று இறுகியிருந்தது. கேட்டதற்கு, "குறை மாசக் குழந்தைக்கு நீர் கோக்கும் சார், ஒண்ணும் இல்ல" என்றார் சிஸ்டர். நானும் சரி என்று வந்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் காலை பாதத்தின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்திருந்தது.

நூல் மாதிரி நரம்பு, என்ன கவனமாக இருந்தாலும் சில நேரம் கசியும், அதற்காக நான் சண்டை போடவில்லை. ஆனால் கால்சியம் வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும், மணிக்கொரு தரம் பார்த்திருந்தால் வீக்கத்திலேயே பிடித்து டிரிப்ஸை நிறுத்தி, தேங்கியதைப் பரவவிட்டுக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம், அதையும் சீக்கிரம் போட்டால்தான் பலன் என்று பிறகு அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் விளக்கினார். இவர்களோ டிஸ்சார்ஜ் சம்மரியில் "தோல் தொற்று" என்று எழுதிவிட்டு, பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்ததற்கும் தினசரி டிரெஸ்ஸிங்குக்கும் எங்களிடமே பில் போட்டார்கள்!

கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பு, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும், மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து சீல் வாங்குங்கள். எனக்கு வந்த நகலில் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஊசி போட்ட இடம் "நார்மல்" என்று ஒன்பது டிக், ஒன்பதும் ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது மாதிரி.

உங்கள் குழந்தை உள்ளே இருந்தால் லைன் போட்டு எத்தனை நாள் என்று தினமும் கேளுங்கள், விரல் நுனி வெளியே தெரியும்படி ஒட்டச் சொல்லுங்கள். வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், வீங்கியிருந்தால், டாக்டர் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள், நேரம் முடிந்தது என்பார்கள், பரவாயில்லை.

நகலைக் காட்டிய பிறகு டிரெஸ்ஸிங் தொகையை மட்டும் கழித்தார்கள். சம்மரியில் இன்னும் தோல் தொற்றுதான்.