ஈஸி-லிங்க்கா, வங்கி அட்டையா?

சிங்கப்பூரில் பேருந்திலும் ரயிலிலும் செல்ல, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டையை வாங்குவதா, கையிலுள்ள வங்கி அட்டையையே காட்டுவதா? சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பயணக் கட்டணம் இரண்டிலும் ஒன்றே.

செலவு: ஈஸி-லிங்க் அட்டையின் விலை 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் 5 வெள்ளி அட்டைக்கே போய்விடும், திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டு வங்கி அட்டைக்கோ பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதல். எட்டு நாள் என்றால் 4.80 வெள்ளி. நாணய மாற்றுக்கென உங்கள் வங்கி பிடிப்பது தனி.

எளிமை: வங்கி அட்டைக்குப் பணம் நிரப்பும் வேலையில்லை, ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தொடுமுறைப் பயன்பாட்டையும் (அட்டையைக் கருவியில் காட்டிப் பணம் செலுத்துவது) ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும் (பலர் ரயில் நிலையக் கதவருகே நின்றுதான் இதை நினைத்துக்கொள்கிறார்கள்). ஏறும்போது கைப்பேசியையும் இறங்கும்போது அட்டையையும் காட்டினால் கணக்குக் குழம்பும்.

ஒரே அட்டையில் இருவர் செல்ல முடியாதாகையால், வங்கி அட்டை இல்லாத பெற்றோருக்கு ஈஸி-லிங்க். நான்கைந்து நாள் தங்கும் மற்றவர்களுக்கு வங்கி அட்டையே போதும்.