லினக்ஸில் கேம் விளையாட ஆசுஸ் டஃப் ஏ15: மலையகத்துக்குச் சரிவருமா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடைக்குப் போய் லினக்ஸில் கேம் விளையாட ஒரு லெப்டொப் கேட்டால், எடுத்துக் காட்டுவது விண்டோஸ் போட்ட லெப்டொப்தான். அதில் தவறு ஒன்றுமில்லை. வருகிறவற்றில் எது லினக்ஸோடு மல்லுக்கட்டாது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டஃப் ஏ15, அதாவது ரைசன் 7 7735எச்எஸ் புரொசெசரும் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் உள்ள மொடல், அந்த வகையில் தேறுகிறது. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் தேறாது. கொஞ்சம் கைவேலை இருக்கிறது.

முதலில் என்ன விளையாடுவீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வலோரண்ட், ஃபோர்ட்நைட், கோல் ஆஃப் டியூட்டி, கணினிக்கான பப்ஜி, இவை லினக்ஸில் ஓடாது. காரணம் கார்டு அல்ல, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இறுதியில் லினக்ஸை அடைத்துவிட்டது. ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடும், ஒன்லைன் பகுதிக்குள் விடாது. இவற்றுக்காகவே லெப்டொப் வாங்குபவர் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. மற்றபடி டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. சைபர்பங்க் 2077, பல்டர்ஸ் கேட் 3 போன்றவை ஸ்டீம் என்ற கேம் கடையின் புரோட்டன் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக நன்றாக ஓடும்.

லினக்ஸ் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதன் தம்பி, அதே 2023ஆம் ஆண்டு டஃப் ஏ16தான் சிறந்தது. அதில் புரொசெசரும் கார்டும் (ஆர்எக்ஸ் 7600எஸ்) இரண்டுமே ஏஎம்டி. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸின் மையமான கேர்னலிலேயே இருப்பதால் தனியாக எதையும் போட வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கடைகளில் அது கண்ணில் படுவது அபூர்வம். கண்டால் விடாதீர்கள். ஏ15 என்றால் என்விடியா டிரைவரைச் சமாளிக்கத்தான் வேண்டும். டிரைவர் உள்ளேயே வரும் பாஸைட் என்ற லினக்ஸின் என்விடியா பதிப்பு புதியவருக்கு லேசு. உபுண்டு என்ற லினக்ஸைப் போடுபவர் 24.04 அல்லது அதற்குப் பிந்தியது போடலாம்.

உபுண்டுவில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் நிலையில் டிரைவரைப் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகளே நிற்கும். அதில் ‘என்ரோல் மொக்’ (Enroll MOK) என்பதைத் தெரிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று என்டரைத் தட்டிவிட்டால் டிரைவர் ஏறாது, கேம் முழுவதும் புரொசெசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸில் ஓடும். ‘லினக்ஸில் 20 ஃபிரேம்தான் வருது’ என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது. டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) என்ற கட்டளையை ஓட்டினால் கார்டின் பெயர் வர வேண்டும். பிழைச் செய்தி வந்தால் அந்த நீலத் திரைக்குத் திரும்புங்கள்.

மீதிப் பாதி மின்சக்தி விடயம். இந்த 4060 கார்டு 140 வாட் வரை இழுக்கக்கூடியது. ஆனால் என்விடியா-பவர்டி என்ற சேவை பின்னணியில் ஓடாவிட்டால் அந்த அளவைத் தொடாது, சில லினக்ஸ் பதிப்புகளில் அது தானாக ஓடுவதுமில்லை. இன்னொன்று, எஃப்என் பொத்தானோடு எஃப்5 அழுத்தினால் விசிறி நிலை மாறும். அமைதி நிலையில் விட்டுவிட்டுக் கார்டைக் குறை சொல்லக் கூடாது. ஆசுஸுக்கென்று ஆர்வலர்கள் எழுதிய ஆசுஸ்சிடிஎல் என்ற கருவியில் விசிறி, விசைப்பலகை வெளிச்சம், பேட்டரியை 80 வீதத்தில் நிறுத்துவது எல்லாம் அடங்கும். வேறு பிராண்டுகளை விட ஏ15ஐத் தூக்கிப் பிடிக்க முக்கியக் காரணமே இந்தக் கருவிதான்.

டிஎக்ஸ்12 என்ற விண்டோஸ் கிராபிக்ஸ் முறையில் எழுதிய கேம்களில் என்விடியா கார்டு விண்டோஸில் தருவதைவிடச் சற்றுக் குறைவாகவே லினக்ஸில் தரும். ஏஎம்டியில் அந்த இழுபறி குறைவு.

வாங்கும் நாளில் ஒரு பென் டிரைவில் ஃபெடோரா என்ற லினக்ஸை எழுதிக்கொண்டு போங்கள். லெப்டொப்பை இயக்கியவுடன் எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். நிறுவாமலே பார்க்கலாம்: வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலி கேட்கிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா. ஒரே மொடலுக்குள்ளேயே வைஃபை சிப் மாறி வரலாம். மீடியாடெக் 7921, 7922 இரண்டும் பெரும்பாலும் பிரச்சினை தராது. ரியல்டெக் 8852பிஇ வந்தால் கேர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். புதுப் பெட்டியைத் திறக்கக் கடைக்காரர் தயங்கினால், காட்சிக்கு வைத்திருப்பதில் பார்க்கக் கேளுங்கள். ரேம் 16 ஜிபி என்றால் ஒரே துண்டா, எட்டும் எட்டுமா என்றும் கேளுங்கள். ஒரே துண்டு என்றால் வேகம் அடிபடும். பக்கத்து இடத்தில் இன்னொன்று போடலாம்.

இனி நம் ஊர்ச் சங்கதி. கரண்ட் போனால் பேட்டரியில் 4060 கார்டு பாதிப் பலம்கூடக் காட்டாது. அந்த நேரத்தில் புரொசெசரிலேயே இருக்கும் ரேடியன் 680எம் கிராபிக்ஸ் கைகொடுக்கும். ஸ்டார்டியூ வேலி, ஹேட்ஸ் போன்ற லேசான கேம்களுக்கு அது தாராளம். 90 வாட்-மணி பேட்டரி உள்ளதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். வெளித் திரை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க: இந்த வகை லெப்டொப்களில் எச்டிஎம்ஐ வாய் பெரும்பாலும் என்விடியா கார்டோடு இணைந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தக் கார்டை அணைத்தால் வெளித் திரையும் போய்விடும்.

சித்திரை, ஐப்பசிப் பக்கம் பின்னேர இடிக்கு அடாப்டரை மட்டும் கழற்றினால் போதாது, லேன் வயரையும் கழற்றுங்கள். வயர் வழியாக ஏறும் மின்னல் லேன் வாயோடு போர்டையும் கொண்டு போகும். நுவரெலியாக் குளிர் விசிறிக்கு உதவிதான், ஆனால் பனிக்குள் பஸ்ஸில் கொண்டு வந்த லெப்டொப்பைச் சூடான அறையில் உடனே இயக்காதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். அரை மணி நேரம் விடுங்கள்.

டேட்டா இன்னொரு தலைவலி. பல்டர்ஸ் கேட் 3க்கு மட்டும் 150 ஜிபி இடம் வேண்டும். போதாததற்கு லினக்ஸில் ஸ்டீம், கேமின் காட்சியைத் தீட்ட உதவும் ஷேடர் கோப்புகளையும் அடிக்கடி இறக்கும். ரவுட்டர் டேட்டாவில் வாழ்பவர் அமைப்புகளில் ஷேடர் முன்சேமிப்பை அணைத்துவிடலாம். இப்போதைய டிரைவர்களில் அதனால் பெரிய தடுக்கல் வராது. புதுப்பிப்புகளை நடுநிசிக்குப் பிறகு என்று நேரம் குறித்து வையுங்கள். பக்கத்து லயத்தில் நண்பரிடம் அதே கேம் இருந்தால் இருவரும் ஒரே வைஃபையில் இணைந்து ஸ்டீமிலேயே மாற்றிக்கொள்ளலாம்; 2023 முதல் அந்த வசதி உண்டு. இறக்கிய கேமை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டுப் பகுதியில் மட்டும் வைக்காதீர்கள். புரோட்டன் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களை அது ஏற்காது, கேம் திறக்காமலே மூடிக்கொள்ளும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவம் போதும்.

கடைசியாக உத்தரவாதம். கோளாறு வந்தால் லெப்டொப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகும், அங்கே விண்டோஸில் சோதித்துத்தான் பேசுவார்கள். ஏ15இல் எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம் இருப்பது இதற்கு வசதி. வந்த விண்டோஸைத் தொடாமல், இரண்டாவது இடத்தில் புதிய எஸ்எஸ்டி போட்டு அதில் லினக்ஸை நிறுவுங்கள். விண்டோஸ் வட்டைப் பூட்டும் பிட்லொக்கரோடும் பெரும்பாலும் மோத வேண்டியதில்லை. சேர்விஸுக்குக் கொடுக்கும் நாளில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்கலாம். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.