பொங்கல் விழாவா, வாராந்தச் சந்தையா?

கொழும்பு வெள்ளவத்தையில் தைப்பொங்கலை ஒட்டி, இயற்கை முறையில் பயிர் செய்யும் கமக்காரருக்கு விழா வைப்பதா, அவர்களின் வாராந்தச் சந்தையை ஆதரிப்பதா? நான் சந்தையின் பக்கம்.

விழாவுக்குச் சனம் திரளும். பிள்ளைகள் பச்சைப்பெருமாள், சுவந்தல் போன்ற பாரம்பரிய அரிசியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். 2021 இல் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தபோது வயலில் என்ன நடந்தது என்று கமக்காரரிடமே கேட்கலாம். அது பெரிய விஷயம். சந்தையில் அதற்கு நேரம் கிடைக்காது.

ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒரு நாளில் வாடிவிடும். இயற்கை முறையில் பயிர் செய்பவருக்கு வருடத்தில் ஒரு நாள் வியாபாரம் எப்படிப் போதும்? அடுத்த கிழமையும் வாங்க ஆளுண்டு என்று தெரிந்தால்தான் அவர் துணிந்து விதைப்பார். 2012 இல் கொழும்பில் தொடங்கிய குட் மார்க்கெட் என்ற இயற்கை விளைபொருள் சந்தையின் பலமே அந்தத் தொடர்ச்சிதான்.

சரி, விழாவும் நடக்கட்டும். மேடைக்கும் பந்தலுக்கும் போகிற காசில் பாதியைக் கமக்காரர் சந்தைக்கு வரும் லொறி வாடகைக்குக் கொடுங்கள்.