கிளிப் குரோ லைட்: 9 மணி நேர பட்டனை மதியம் 1 மணிக்கு அழுத்துங்க

மேசை ஓரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிற, நாலு கை உள்ள எல்இடி குரோ லைட்டை, அதாவது செடி வளர்க்கிற விளக்கைத்தான் சொல்கிறேன். கோவையில் அபார்ட்மெண்டில் செடி வளர்க்கிற பலரும் ஆன்லைனில் வாங்குவது இது மாதிரிதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காத்தும் வந்து மூடிக்கொண்டால், எங்கள் கிழக்கு ஜன்னல் வெளிச்சம், வேர் பிடிக்க வெட்டி நட்ட குச்சிகளுக்குப் பத்துவதில்லை. அதற்காக வாங்கியது. விளக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கோலியஸும் மணி பிளான்ட்டும் நீண்டு இளைக்காமல் கணு நெருக்கமாக வளர்கின்றன.

பேச வேண்டியது டைமரைப் பற்றித்தான். 3, 9, 12 மணி நேரம் என்று மூன்றே தேர்வு. வேர் பிடிக்க வைத்த குச்சிக்கு 16 மணி நேரம் வரை மிதமான வெளிச்சம் கொடுப்பது வழக்கம், அது இந்த டைமரில் கிடையாது. ஆனால் ஜன்னலோரம் என்றால் கவலை வேண்டாம். காலை 6 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், மதியம் 1 மணிக்கு 9 மணி நேர பட்டனை அழுத்தினால் இரவு 10 மணிக்குத் தானாக அணைந்து, மறுநாள் 1 மணிக்குத் தானாக எரியும். செடிக்கு 16 மணி நேரம் ஒரே பகல்தான். 24 மணி நேரமும் எரியவிட வேண்டியதில்லை, தக்காளி நாற்றுக்கெல்லாம் அதனால் இலையே வெளுத்துப்போகும்.

செவ்வந்திக் குச்சி வைக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். நம்ம பக்கம் மார்கழியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் கூடப் பன்னிரண்டே முக்கால்தான். இந்தச் செடிக்கு ராத்திரி நீளமாக இருந்தால் மொட்டு வைக்கத் தோன்றிவிடும், மொட்டு வைத்த குச்சி வேர் விட ரொம்பச் சிரமப்படும். அதனால் தாய்ச்செடிக்கும் குச்சிக்கும் பகலை நீட்டியே ஆக வேண்டும், பூப் பண்ணைகளில் இரவு 10 முதல் 2 வரை பல்பு எரியவிடுவது இதற்குத்தான். பகல் வெளிச்சம் இருக்கும்போதே 12 மணி நேர பட்டனைப் போட்டுவிட்டு இலை வரும் என்று காத்திருந்தால் பூதான் வரும். வேர் பிடித்து, கிளைத்து, போதுமான அளவு வளர்ந்த பிறகு விளக்கை நிறுத்திவிடுங்க, அப்புறம் அதுவே மொட்டு கட்டும்.

இன்னொன்று, உயரம். வேர் இல்லாத குச்சியால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, விளக்கு கிட்டத்தில் இருந்தால் இலை துவண்டுவிடும். முதலில் ஒன்றரை அடி உயரத்தில் வையுங்க, தென்னை நார்க்கழிவில் நட்ட குச்சியை லேசாக இழுத்துப் பார்த்து, பிடிமானமாக இருந்தால் முக்கால் அடிக்கு இறக்குங்க.

பெரிய குறை, கரண்ட் போய் வந்தால் டைமர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. திரும்ப ஆள் நின்று 1 மணிக்கு அழுத்த வேண்டும், வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? தனியாக பிளக் டைமர் வாங்கி மாட்டினாலும் பிரயோசனமில்லை, கரண்ட் வந்ததும் இந்த விளக்கு தானாக எரியாது.

ஜன்னல் இல்லாத அறை என்றால் இதை வாங்காதீங்க. 20 வாட் எல்இடி டியூப்லைட்டும், உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் பிளக் டைமரும் போதும். 16 மணி நேரம் எரித்தாலும் மாதம் 10 யூனிட்டைத் தாண்டாது.