வீட்டு வடிவமைப்பு மென்பொருளுடன் 16 மாதங்கள்: சுவரின் நடுக்கோடு பற்றி ஒரு முறையீடு

அலுவலக நண்பர் ஒருவர் தஞ்சாவூருக்கு வெளியே மனை வாங்கியிருக்கிறார். பொறியாளரிடம் போவதற்கு முன் வீட்டைத் தாமே வரைந்து பார்க்க விரும்புவதாகச் சொல்லி, நான் பயன்படுத்தும் மென்பொருளைப் புதிதாக ஒருவர் கற்றுக்கொள்வது எளிதா என்று போன வாரம் கேட்டார். அவர் கேட்ட அன்று மாலையில்தான், எங்கள் புது வீட்டின் படுக்கையறைக்காக ஆசாரி செய்து கொண்டுவந்த மர அலமாரி, அதற்கென்று சுவரில் விட்டிருந்த இடத்துக்குள் போகாமல் முக்கால் அங்குலத்தில் நின்றுவிட்டது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மென்பொருளின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அது ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. விலையில்லாமல் கிடைப்பது, சாதாரண மடிக்கணினியில் ஓடுவது, மேலே தரைப்படமும் கீழே முப்பரிமாணக் காட்சியும் தெரிவது, கட்டிலையும் சோபாவையும் பட்டியலிலிருந்து இழுத்துப் போடலாம் என்பதெல்லாம் இவ்வகை மென்பொருளைத் தேடிப் பார்த்த எவருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிட்டு, 16 மாதங்களாக என்னை வாட்டிவரும் ஒன்றுக்கு வருகிறேன்.

எங்கள் மனை 30 அடிக்கு 40 அடி, வடக்குப் பார்த்தது. அறைகளின் அளவு மனையடி சாஸ்திரப்படி இருக்க வேண்டும் என்பது அம்மாவின் உறுதியான விருப்பம். 10, 11, 16 ஆகிய அடிகள் நல்லவை, 9 கூடாது, 12 முதல் 15 வரை கூடாது என்பது அவர் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. அந்த அளவு எப்போதும் உள்கூட்டு அளவு, அதாவது ஒரு சுவரின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சுவரின் உள்முகம் வரை. எனவே முதல் நாள் உற்சாகமாக 10 அடிக்கு 11 அடி என்று ஒரு படுக்கையறையை வரைந்தேன். நான்கு சுவர்களும் கோணல் இல்லாமல் மூடிக்கொண்டன. பத்து நாட்களில் வீடு முழுவதும் திரையில் நின்றுவிட்டது.

பிறகுதான் அந்தச் சுவர்களின் கனம் ஏறத்தாழ 3 அங்குலம் என்பதைக் கவனித்தேன். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு அது. நம் ஊரில் வெளிச்சுவர் 9 அங்குலம், அறைகளுக்கு நடுவே வரும் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். முதலில் எல்லாச் சுவர்களையும் தேர்ந்தெடுத்து 9 என்று மாற்றி விசையை அழுத்தியதும், வீட்டின் ஒவ்வோர் அறையும் என் கண் முன்னாலேயே சுருங்கியது. அந்தப் படுக்கையறைக்கு நான்கு பக்கமும் அப்போது 9 அங்குலச் சுவர்தான். 110 சதுர அடி என்று நான் நினைத்திருந்த அறையின் நடுவில் 94.8 என்ற எண் வந்து நின்றது. உள்ளே அளந்து பார்த்தால் 9 அடி 3 அங்குலத்துக்கு 10 அடி 3 அங்குலம். அம்மா கூடாது என்று சொன்ன 9 அடிக்குள் அறை போய்விட்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. நாம் இழுக்கும் கோட்டை அந்த மென்பொருள் சுவரின் முகமாகக் கருதுவதில்லை, சுவரின் நடுக்கோடாகக் கருதுகிறது. 10 அடி என்று கொடுத்தால், இரு சுவர்களின் நடுவிலிருந்து நடு வரை 10 அடி. 9 அங்குலச் சுவர் ஒவ்வொன்றும் அறைக்குள் நாலரை அங்குலம் நுழைந்துகொள்கிறது. இதை வரையத் தொடங்கும் இடத்தில் எங்கேயும் ஒரு வரியாகச் சொல்லியிருக்கவில்லை. உள்ளளவைக் கொடுத்து அறையை வரையும் வசதியையும் நான் கண்டதில்லை. பயன்படுத்துபவர் தம் தேவையைக் கணக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றே அது எதிர்பார்க்கிறது.

அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி மடிக்கணினியின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன். இருபுறமும் 9 அங்குலச் சுவர் என்றால் உள்ளளவோடு 9 அங்குலம் கூட்ட வேண்டும். ஒருபுறம் 9, மறுபுறம் நாலரை என்றால் ஆறே முக்கால். இருபுறமும் நாலரை என்றால் நாலரை. உள்ளே சரியாக 10 அடி வேண்டுமானால், வெளிச்சுவருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே 10 அடி ஆறே முக்கால் அங்குலம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் இதைச் செய்தேன். ஓர் அறையைச் சரிசெய்தால் அடுத்த அறை கெடும், அதைச் சரிசெய்தால் கூடத்தின் 16 அடி கெடும்.

இதிலேயே இன்னொரு குழியும் இருந்தது. அளவுகளை அடியில் வைத்திருந்தேன். 10 அடி 6 அங்குலத்துக்கு 10.6 என்று தட்டினேன். மென்பொருளுக்கு அது பத்து அடியும் ஓர் அடியில் பத்தில் ஆறு பங்கும், அதாவது 10 அடி 7.2 அங்குலம். வீடெங்கும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று காரணம் புரியாத உபரிகள் சேர்ந்துகொண்டே வந்தன. அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனிக் குறி போட்டு எழுதப் பழகிய பிறகுதான் அவை மறைந்தன. இதில் தவறு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுக்கோட்டு விஷயத்தில் அப்படி ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மனையின் பின்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கு எல்லை 40 அடி, கிழக்கு எல்லை 41 அடி 3 அங்குலம். 30 அடி அகலத்தில் இந்த ஒன்றேகால் அடி வித்தியாசம் ஏறத்தாழ 2.4 டிகிரிச் சாய்வைத் தரும். மென்பொருளோ கோடுகளை 15 டிகிரிக்கு ஒரு முறை பிடித்து இழுத்து நேராக்கிவிடும். எல்லைக் கோட்டை எத்தனை முறை சாய்த்து வரைந்தாலும் அது நேராக நிமிர்ந்தது. சுட்டியை இழுக்கும்போது ஒரு விசையைச் சேர்த்து அழுத்தினால் இந்தப் பிடிப்பு விலகும் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை. வீட்டைச் செவ்வகமாகவே வைத்துக்கொண்டு, சாய்வைப் பின்புறக் காலியிடத்தில் விட்டுவிட்டோம்.

மாடிப்படியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பட்டியலில் இருக்கும் படிக்கட்டு ஒரு நாற்காலியைப் போன்ற பொருள்தான். அதை 10 அடி உயரத்துக்கு நீட்டினால் படிகளின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு படியும் உயரும். 14 படிகள் கொண்ட படிக்கட்டை நான் நீட்டியபோது ஒரு படி எட்டரை அங்குலத்துக்கு மேல் போயிற்று. வீடுகளுக்குப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது, அது ஏறத்தாழ ஏழரை அங்குலம். பொறியாளர் 17 படிகள் வைத்தார், ஒரு படிக்கு ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. முழங்கால் வலி உள்ள அம்மா இன்று அந்தப் படிகளில் சிரமமில்லாமல் ஏறுகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த மென்பொருள் எனக்குத் தந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. அதில் திசைகாட்டி ஒன்று உண்டு. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டால், குறிப்பிட்ட தேதியிலும் நேரத்திலும் வெயில் எங்கே விழும் என்பதைப் படமாக்கித் தருகிறது. முதல் மாதம் இதைத் தவறாகவே பயன்படுத்தினேன். சாலையைத் திரையின் அடிப்பக்கத்தில் வைத்து வரைவதுதான் இயல்பாக இருந்தது. எங்கள் சாலை வடக்கில் இருக்கிறது, மென்பொருளோ திரையின் மேற்பக்கத்தை வடக்காக எடுத்துக்கொள்கிறது. அதனால் மேற்கு அறைக்குள் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. திசைகாட்டியைப் பாதிச் சுற்றுத் திருப்பி, தஞ்சாவூரின் 10.8 டிகிரி வடக்கு, 79.1 டிகிரி கிழக்கு என்பதைக் கொடுத்த பிறகு வீடு உண்மையாக நின்றது.

வடக்குச் சுவரில் வெயில் படாது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலையில் வடக்குச் சன்னல் வழியாகக் கூடத்தின் தரையில் சாய்வாக ஒரு வெளிச்சப் பட்டை விழுவதைப் படத்தில் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது.

அடுத்ததாகச் சமையலறையைப் பார்த்தேன். அக்கினி மூலை, கிழக்குப் பார்த்த அடுப்பு, அடுப்புக்கு நேர் மேலே சன்னல் என்று எல்லோரும் வைப்பதைப் போலவே வரைந்திருந்தேன். மார்ச் மாதத்தில் ஒரு நாளைக் கொடுத்து, காலை ஏழரை மணி என்று வைத்து, பார்வையின் உயரத்தை அம்மாவின் உயரத்துக்குக் குறைத்து, அடுப்பின் முன்னால் நிறுத்தினேன். அந்த ஒரு படம் உருவாக என் பழைய கணினிக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. வந்த படத்தில் சன்னல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பார்த்தவர், "இங்க நின்னுதானேப்பா நான் இட்லி ஊத்தணும், வெயில் நேரா கண்ணுல அடிக்குமே" என்றார். வரைபடம் என்ற ஒன்றைப் பார்த்து அவர் கருத்துச் சொன்னது அதுதான் முதல் முறை. சன்னலை ஒன்றரை அடி வடக்கே நகர்த்தினோம். இப்போது காலை வெளிச்சம் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் விழுகிறது, அடுப்புக்கு முன்னால் நிற்பவர் கண்ணில் விழுவதில்லை. எந்தக் காகித வரைபடமும் எங்களுக்கு இதைச் சொல்லியிருக்காது.

நடுக்கோட்டைப் பற்றிய என் கோபமும் ஒரு நாள் அடங்கியது உண்டு. மனையில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டிய நாள் அது. அதுவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உள்கூடு எவ்வளவு சார்?" என்று கேட்டுவந்த மேஸ்திரி, அன்று பொறியாளரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சென்டர் லைனுக்கு சென்டர் லைன் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். படுக்கையறைக்கு அந்தத் தாளில் இருந்த எண் 10 அடி ஆறே முக்கால் அங்குலம், என் சீட்டில் நான் கணக்கிட்டு எழுதியிருந்த அதே எண். அஸ்திவாரக் குழி நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமமாகத் தோண்டப்படுகிறது, சுவரும் அதன் மேல் நடுவாக எழும்புகிறது. கட்டடம் தரையில் பிறப்பதே நடுக்கோட்டில்தான். மூலைகளில் 6 அடி, 8 அடி என்று அளந்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று மேஸ்திரி நூலைப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ஐந்து மாதங்களாகத் திட்டிய அந்தக் கோடு அவர் விரல்களுக்கிடையே வெள்ளை நூலாக விறைத்து நின்றது. மென்பொருள் தவறாகச் செய்யவில்லை, கட்டுபவரின் வழக்கத்தைப் பின்பற்றியிருக்கிறது. குடியிருக்கப்போகிறவரிடம் அதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டது.

அந்தச் சமாதானத்தைத்தான் போன வாரத்து அலமாரி குலைத்துவிட்டது. சுவரில் விட்ட இடம் வரைபடத்தில் 5 அடி. செங்கல்லுக்குச் செங்கல் அது 5 அடியாகவே கட்டப்பட்டிருந்தது. அரை அங்குலம் தளர்வு விட்டு 4 அடி பதினொன்றரை அங்குலத்துக்குச் செய்யும்படி, என் மென்பொருளிலிருந்து எடுத்த தாளைத்தான் ஆசாரியிடம் கொடுத்தேன். பூச்சு வேலை முடிந்த பிறகு அந்த இடம் 4 அடி பத்தே முக்கால் அங்குலமாகிவிட்டது. இருபுறமும் சேர்த்து ஒன்றேகால் அங்குலத்தைப் பூச்சு எடுத்துக்கொண்டிருந்தது. அறைகளுக்கு மேஸ்திரி பூச்சுக்கென்று ஓர் அங்குலம் தாமாகவே கூட்டிக் கட்டியிருந்ததால் அங்கே எதுவும் தெரியவில்லை. திரையில் இருக்கும் சுவருக்குப் பூச்சே கிடையாது. செங்கல்லின் அளவும் பூசி முடித்த அளவும் அங்கே ஒன்றுதான். சுவரின் கனத்தைப் பத்தேகால் அங்குலம் என்று கொடுத்திருந்தால் பூசிய அளவு சரியாக வந்திருக்கும், ஆனால் செங்கல் அளவு பொய்யாகியிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் வைத்துக்கொள்ளும் வழியை இத்தனை மாதங்களில் நான் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாதங்கள் காயவைத்த தேக்குச் சட்டத்தை ஆசாரி ஒரு பக்கம் பிரித்து இழைத்து மறுபடி கோத்தார். மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு எட்டரைக்கு முடிந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான்: இந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டாம். பொறியாளரைப் பார்க்க அவருக்கு இன்னும் ஆறு வாரங்களே இருக்கின்றன, நடுக்கோட்டையும் தசம அடியையும் கடப்பதற்கே அது போதாது. கட்டம் போட்ட தாள் வாங்கி, ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து, உள்கூட்டு அளவுகளை மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டு போகட்டும். மற்றதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். மனையின் நான்கு பக்க அளவுகளையும், வடக்கு எந்தப் பக்கம் என்பதையும், சமைப்பவரின் உயரத்தையும் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டு அடுப்படியில் காலை வெயில் எங்கே விழும் என்பதை நானே வரைந்து காட்டுகிறேன்.